எவர்சில்வர் பாலிஷ்: திருப்பாப்புலியூர் பட்டறையில் எதைக் கொடுக்கலாம், எதை வீட்டிலேயே முடிக்கலாம்

கடலூரில் எவர்சில்வர் பாத்திரத்துக்கு பாலிஷ் போட்டுத் தர ஆள் இருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் (பேச்சில் திருப்பாப்புலியூர்), லாரன்ஸ் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் ஒரு பட்டறை. போர்டு கிடையாது, அந்தப் பக்கம் பாத்திரக்கடையில் கேட்டால் கைகாட்டுவார்கள். அம்மாவின் சீர்ப் பாத்திரம், சித்தி வீட்டில் வெள்ளத்தில் மூழ்கிய பாத்திரம், என் அடுப்படியில் தினமும் அடிபடும் பாத்திரம் என்று மூன்று வகையும் அங்கே கொடுத்து வாங்கியாயிற்று. வேலை சுத்தம். அதைவிட எனக்குப் பிடித்தது, பட்டறை அண்ணன் நான் முதல் தடவை கொண்டுபோன மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஏறக்குறைய பாதியை ஒரு பக்கமாக ஒதுக்கி, "இதுக்கெல்லாம் எதுக்கும்மா காசு குடுக்கறே, வீட்ல புளி இல்லையா?" என்று கேட்டதுதான். காசு வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்கிற தொழிலாளியை நம்பலாம்.

அவர் ஒதுக்கினது எதையெல்லாம் என்று சொன்னாலே நிறையப் பேருக்குப் பாதி வேலை மிச்சம். அடியில் நீலமும் ஊதாவும் பொன்னிறமுமாக வானவில் மாதிரி ஓடியிருந்த கடாய், உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்த இட்லிக் குண்டான், வெளிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு கருகி ஒட்டியிருந்த வாணலி. மூன்றுமே மங்கிப்போன மாதிரிதான் தெரிந்தன. ஆனால் அவற்றில் உலோகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே ஏதோ ஒன்று மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அண்ணன் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். நகத்தில் மாவாக வந்தால் தண்ணீர் உப்பு, பிசுக்காக வழுக்கினால் எண்ணெய், ஒன்றுமே வராமல் நிறம் மட்டும் தெரிந்தால் சூடு பட்ட கறை, நகம் கோட்டில் மாட்டினால் கீறல். கீறலுக்கு மட்டும்தான் பாலிஷ் சக்கரம். இந்த ஒரு சோதனையை வீட்டிலேயே செய்துவிட்டுப் போனால் மூட்டையும் குறையும், காசும் குறையும்.

இதற்குப் பின்னால் இருக்கிற விஷயம் ரொம்ப எளிமையானது. எவர்சில்வர் துருப்பிடிக்காததற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் குரோமியம், குறைந்தது 10.5 சதவீதம் இருக்க வேண்டும். காற்று பட்டதும் அந்தக் குரோமியம் மேலே கண்ணுக்கே தெரியாத ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் தேய்த்தாலும் காற்று பட்ட இடத்தில் தோல் திரும்ப வளர்ந்துவிடும். வெறும் கடாயை அடுப்பில் வைத்துக் காயவிட்டால் அதே தோல் தடித்துப்போகிறது, தடித்த தோலில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது நமக்கு வானவில் நிறம் தெரிகிறது. சாப்பிட அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஊறவைத்த புளியை அந்த இடத்தில் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் தேய்த்தால் போதும், அதிலிருக்கும் டார்டாரிக் அமிலம் தடித்ததைக் கரைத்துவிடும். எலுமிச்சை மூடி, வினிகர் எல்லாமும் அதே வேலையைச் செய்யும். என் கடாய் அண்ணன் சொன்னபடி அன்று சாயங்காலமே புளியில் தெளிந்தது.

குண்டானின் வெள்ளைப் படிவு நம்ம ஊர்த் தண்ணீரின் வேலை. கடலூர், புதுச்சேரி இரண்டு ஊரிலும் போர் தண்ணீரில் காலம் தள்ளுகிற வீடுகளில் கேட்டால் தெரியும், குழாய் முனையில் பூத்திருக்கும், ஹீட்டர் ராடில் ஓடு கட்டியிருக்கும். கொதிக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் உப்பு பிரிந்து அடியில் படிகிறது. இதற்கும் புளிப்புதான் மருந்து, ஆனால் குண்டான் முழுக்க எலுமிச்சை பிழிந்து கட்டுபடி ஆகாது. மளிகைக்கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் அமிலத்தைப் பொட்டலமாகத் தருவார்கள். ஒரு ஸ்பூன் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு அப்படியே ஆறவிட்டால் ஓடு தானாகக் கழன்று வரும், தேய்க்கவே வேண்டாம். இந்த வேலைக்கு இதுவரை நான் வாங்கிப் பார்த்த எந்தப் பொருளையும்விட இதுதான் மலிவு, இதுதான் வேகம்.

கருகின எண்ணெய் வேறு ஜாதி. அதில் புளியை எவ்வளவு தேய்த்தாலும் அசையாது, கை வலிதான் மிச்சம். எண்ணெய் சூட்டில் இறுகி வார்னிஷ் பூசினது போலப் பிடித்துக்கொண்டிருக்கும், அதற்குக் காரம் வேண்டும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் போட்டு, வாணலி மூழ்குகிற மாதிரிப் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துக் கொதிக்கவிட்டு, ஆறினபிறகு மரக்கரண்டியால் நெம்பினால் பாளம் பாளமாக வரும். ஒரு தடவையில் வராது, பொறுமை வேண்டும். கூடவே அலுமினியப் பாத்திரத்தை அதில் போட்டுவிடாதீர்கள், சோடா பட்டால் அலுமினியம் கறுத்துப்போகும். குக்கர் அலுமினியமா எவர்சில்வரா என்று தெரியாமல் கலந்து போடுகிற வீடுகள் நிறைய உண்டு.

முத்தியால்பேட்டையில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் வேறு ஒன்று பார்த்தேன். புதுச்சேரியில் பிரான்ஸில் உறவு இல்லாத தெருவே இருக்காதே, அவர்கள் வரும்போது ஒரு வட்ட டப்பாவில் வெள்ளைக் கட்டி கொண்டுவருவார்கள், பியர் தார்ஜில் என்பார்கள், களிமண்ணும் சோப்பும் சேர்த்து இறுக்கினது, கூடவே ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும். ஈர ஸ்பாஞ்சை அதில் தேய்த்துப் பாத்திரத்தில் தேய்த்தால் கீறல் விழாமல் பளிச்சென்று ஆகிறது. நல்ல பொருள்தான், டீக்கறை படிந்த ஃபிளாஸ்க் மூடி, டம்ளர் விளிம்பு எல்லாம் அழகாகப் போகிறது. ஆனால் இதற்காக யாரையும் பாரிஸிலிருந்து சுமக்கச் சொல்ல வேண்டியதில்லை, நன்றாகச் சலித்த அடுப்புச் சாம்பலும் கொஞ்சம் பாத்திர சோப்பும் கிட்டத்தட்ட அதே பலனைத் தருகின்றன. அமெரிக்காவில் 1882லிருந்து விற்கிற பார் கீப்பர்ஸ் ஃப்ரெண்ட் பவுடரும் இப்போது இங்கே ஆன்லைனில் கிடைக்கிறது, அதில் வேலை செய்வது ஆக்சாலிக் அமிலம். டீக்கறைக்கும் லேசான துருப்புள்ளிக்கும் அதற்கு நிகராக நான் பார்த்தது இல்லை. கையுறை போட்டுத் தேய்த்து, சீக்கிரம் நன்றாக அலசிவிட வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

சரி, பட்டறைக்கு வருவோம். உள்ளே ஒரு மோட்டார், அதன் இரண்டு முனையிலும் சக்கரம். ஒரு பக்கம் கற்றாழை நாரில் செய்த முரட்டுச் சக்கரம், இன்னொரு பக்கம் காடாத்துணியை வட்டமாக வெட்டி அடுக்கித் தைத்த மெத்தென்ற சக்கரம். ஓடுகிற நார்ச் சக்கரத்தில் பழுப்பு நிற பாலிஷ் கட்டியை ஒரு அழுத்து அழுத்துகிறார், கட்டி உருகி நாரில் ஏறுகிறது, அப்புறம் பாத்திரத்தை இரண்டு கையிலும் பிடித்துச் சக்கரத்தின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே கொடுக்கிறார். மேலே கொடுத்தால் சக்கரம் பிடுங்கி எறிந்துவிடுமாம். அதனால்தான் ஓட்டைக் கரண்டி, துருவல், விளிம்பு கூரான தட்டு எதையும் அவர் வாங்குவதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும் வாங்குவதில்லை, அது நியாயம். முதல் சுற்றில் பாத்திரம் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பதறியே போனார்கள். கட்டியின் மெழுகும் உரசலில் வந்த உலோகத் தூளும் சேர்ந்த கறுப்பு அது. அப்புறம் துணிச் சக்கரத்தில் பச்சைக் கட்டி. பச்சைக் கட்டியில் இருப்பது குரோமியம் ஆக்சைடு, அதாவது எவர்சில்வரைக் காக்கிற தோல் எதனால் ஆனதோ அதே பொருள்தான் அதை மெருகேற்றவும் செய்கிறது, இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. கடைசியில் மரத்தூளில் புரட்டித் துணியால் ஒரு துடை துடைத்து நீட்டுவார். முகம் தெரியும்.

மேலே எதையாவது பூசுகிறார்களா, சாப்பிடுகிற பாத்திரமாச்சே என்று கேட்கிறார்கள். ஒன்றும் பூசுவதில்லை. பித்தளைக்கு ஈயம் பூசுவது போல இல்லை இது. கீறல் எவ்வளவு ஆழமோ அந்த அளவுக்கு மேல்பரப்பை மெல்லிசாகச் சீவி எடுக்கிறார்கள், புதுப் பரப்பில் தோல் தானாக வளர்ந்துகொள்கிறது. அதனாலேயே வருஷா வருஷம் கொடுக்கக் கூடாது. மெல்லிசுத் தகட்டில் அடித்த இப்போதைய டம்ளர், தட்டுகளைக் கொடுத்தால் அவரே எடுத்துச் சுண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த குடத்தையும் அடுக்கையும் எடுத்துத் தூக்கிப் பார்த்தவர், "இதுல இன்னும் ரெண்டு தலைமுறை இருக்கும்மா" என்றார். அந்தக் கனம் இப்போது கடையில் தேடினாலும் கிடைப்பதில்லை.

இந்த சீர்ப் பாத்திர விஷயத்தில்தான் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் இருப்பதில்லை. புள்ளி புள்ளியாகக் குத்தி, கொடுத்தவர் பெயர், வாங்கினவர் பெயர், தேதி. அம்மாவின் தாம்பாளத்தில் தாத்தா பெயர் இருக்கிறது, சொம்பின் கழுத்தில் பெரியம்மா பெயர் இருக்கிறது, அவர்கள் இரண்டு பேரும் இப்போது இல்லை. பாலிஷ் சக்கரம் எழுத்தைப் பார்த்து ஓடாது, மேடாக இருப்பதைச் சீவினால் புள்ளியின் ஆழம் குறையும், இரண்டு மூன்று தடவை கொடுத்தால் எழுத்தே காணாமல் போய்விடும். நான் அதை யோசித்திருக்கவே இல்லை. அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, பெயரின் மேல் விரலை வைத்து, "இது மேல பிடிக்கட்டுமா, விட்டுட்டு சுத்தி மட்டும் எடுக்கட்டுமா?" என்று கேட்டார். விட்டுவிடச் சொன்னேன். பெயர் இருக்கிற இடத்தில் நார்ச் சக்கரம் படாமல், துணிச் சக்கரத்தை மட்டும் லேசாகத் தொட்டு எடுத்துக் கொடுத்தார். இப்போது தாம்பாளம் முழுக்க மின்னுகிறது, தாத்தா பெயரைச் சுற்றி ஒரு விரற்கடை அகலம் மட்டும் கொஞ்சம் மங்கல். எனக்கு அது போதும், அப்படித்தான் இருக்க வேண்டும். நீங்கள் போகும்போது அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள், கூட்ட நாளில் பையன் கையில் வேலை போய்விட்டால் அவனுக்குத் தெரியாது.

வெள்ளப் பாத்திரம் தனிக் கதை. 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வந்ததே, அப்போது ஆற்றோரத்தில் நாணமேடு பக்கம் சித்தி வீட்டில் சமையலறை முழுக்கச் சேறு. பாத்திரமெல்லாம் சேற்றுக்குள் புதைந்து கிடந்தது. எடுத்துக் கழுவினால் எவர்சில்வரில் பழுப்புத் திட்டுகள். எவர்சில்வர் துருப்பிடிக்குமா என்று சித்தி கேட்டார்கள். பிடிக்கும். முன்னால் சொன்ன தோல் வளர ஆக்சிஜன் வேண்டும், ஈரச் சேறு ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் காற்று படாது, தண்ணீரில் உப்பும் இருந்தால் அந்த இடத்தில் தோல் உடைந்து உலோகம் அரிக்க ஆரம்பிக்கும். போதாததற்கு, அப்போது தெருவுக்குத் தெரு பிளீச்சிங் பவுடர் கிடைத்தது, கிருமி போகட்டும் என்று பாத்திரங்களை அதைக் கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்துவிட்டார்கள். குளோரின்தான் எவர்சில்வருக்கு முதல் எதிரி. கொஞ்சமாகக் கரைத்து, கொஞ்ச நேரம் முக்கி, உடனே அலசினால் பரவாயில்லை, ஊறவைக்கக் கூடாது. இன்னொன்று, பிளீச்சிங் பவுடர் போட்ட பாத்திரத்தில் அதோடு சேர்த்துப் புளியோ வினிகரோ எலுமிச்சையோ போடவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சடைக்கும், உயிருக்கே ஆபத்து.

அந்தப் பாத்திரங்களை அண்ணன் மூன்று வரிசையாகப் பிரித்தார். வெறும் பழுப்பு நிறம் மட்டும் இருந்தவை துணிச் சக்கரத்திலேயே தெளிந்தன. லேசாகச் சொரசொரத்தவை நார்ச் சக்கரத்துக்குப் போயின. ஊசி முனை அளவுக்குக் குழி விழுந்தவற்றை, "இதை மினுக்கித் தரலாம், குழி போகாது, குழிக்குள்ள மறுபடி அழுக்கு சேரும், இதுல சமைக்காதீங்க, அரிசி கொட்டி வெச்சுக்கங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். சித்தி முகம் வாடியது உண்மைதான், ஆனாலும் பொய் சொல்லிக் காசு வாங்கியிருந்தால் இன்னும் வருத்தமாக இருந்திருக்கும்.

இதே குழி நம் அடுப்பிலும் விழும். பச்சைத் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அடுப்பில் வைத்தால் கல் கரைகிறவரை அடியில் ஒரே இடத்தில் கிடந்து அரிக்கும். தண்ணீர் கொதித்தபிறகு உப்பைப் போட்டுக் கிளறுங்கள். புளிக்குழம்பு, ஊறுகாய், கருவாட்டுக் குழம்பு எதையும் எவர்சில்வரிலேயே நாள்கணக்கில் வைக்காதீர்கள். தேவனாம்பட்டினம் பக்கம், கடலுக்குக் கிட்டத்தில் இருப்பவர்கள் ஜன்னலோரம் பாத்திரக் கூடை வைத்திருந்தால் உள்ளே தள்ளி வையுங்கள், உப்புக் காற்று படிந்து அப்படியே காய்ந்தால் டீ சிந்தின மாதிரிக் கறை வரும். கழுவிக் கவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது, துணியால் துடைக்க வேண்டும், பாத்திரத்தின் பாதி மெருகு அந்தத் துடைப்பில்தான் இருக்கிறது. இரும்புக் கம்பி நார் வேண்டவே வேண்டாம், அது கீறுவதோடு நில்லாமல் இரும்புத் தூளை விட்டுவிட்டுப் போகும், அந்தத் தூள் துருப்பிடிக்கும், பாத்திரம் துருப்பிடித்ததாக நாம் நினைப்போம். தேங்காய் நார் போதும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன தேதிக்கு வேலை முடியாது. வியாழன் என்றால் சனி, சனி என்றால் அடுத்த வாரம். கல்யாணம், காதுகுத்து என்று தேதி வைத்துக்கொண்டு போகிறவர்கள் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ரசீது கிடையாது, ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார், அதனால் கொடுக்கும்போதே செல்போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி, ஒரே மாதிரி சொம்பு ஊர் முழுக்க இருக்கிறது. அடுத்தது, விளிம்பு மடிப்பில் பாலிஷ் கட்டியின் கறுப்பு தங்கிவிடுகிறது. துணியில் துடைத்தால் சுத்தமாக இருக்கிறது என்றுதான் தோன்றும், வெந்நீர் ஊற்றினதும் மடிப்பிலிருந்து கறுப்பாக வழியும். வாங்கி வந்ததும் கொதிக்கிற தண்ணீரில் பாத்திர சோப்பு கலந்து ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் மடிப்பையும் கைப்பிடிக் குடைச்சலையும் தேய்த்து, கறுப்பு வருவது நிற்கும்வரை அலச வேண்டும், அதற்கு முன்னால் அதில் பால் காய்ச்சிவிடாதீர்கள். குடம், சொம்பு மாதிரி வாய் குறுகினவற்றுக்கு உள்பக்கம் சக்கரம் போகாது, உள்ளே எலுமிச்சை உப்புதான் கதி.

கூலி பாத்திரத்தின் அளவைப் பொறுத்தது. டம்ளர், கிண்ணமெல்லாம் சில்லறையில் முடியும், குடம், அண்டாவுக்குத் தனி ரேட். எப்படிப் பார்த்தாலும் அதே கனத்தில் புதிது வாங்குகிற காசில் சின்னப் பங்குதான். சாதாரண மெல்லிசுப் பாத்திரத்துக்கு இந்தச் செலவு வேண்டாம் என்பது என் கருத்து, அதைப் பழைய பாத்திரத்துக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம். வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள், 2024இல் எவர்சில்வர் பாத்திரங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கி உத்தரவு வந்திருக்கிறது, தர எண் ஐஎஸ் 14756. காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து உசத்தி என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிட வேண்டாம், 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கிற 304 ரக எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 ரகத்திலும் ஒட்டாது. கனமான பழைய பாத்திரம் பரணில் கிடந்தால் மட்டும் தயங்காமல் இறக்கிக் கொண்டுபோங்கள்.

ஞாயிறு லீவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், தட்டினால் திறப்பார், ஆனால் சாப்பிடுகிற மனிதரைத் தொந்தரவு செய்யாமல் காலையில் போவதே நல்லது. மார்கழி பாதிக்கு மேல் பொங்கல் பாத்திரம் குவிந்துவிடும், அப்போது புது வேலை எடுக்க மாட்டார், கார்த்திகையிலேயே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் காணும் பொங்கல் கழித்துப் போங்கள்.